யாழ்ப்பாணத்தில் ஆறு மாதம் இருக்க வருபவர்களுக்கு

இரண்டு கிழமை லீவில் வந்து கோட்டை, நல்லூர், நயினாதீவு என்று ஓடிப் பார்த்துவிட்டுத் திரும்புபவர்களுக்கு வழிகாட்டிகள் நிறைய உண்டு. ரொறன்ரோவிலோ லண்டனிலோ பாரிஸிலோ மெல்பேணிலோ வளர்ந்து, மூன்று மாதமோ ஆறு மாதமோ யாழ்ப்பாணத்தில் வீடெடுத்து இருந்து பார்க்க நினைப்பவர்களுக்கு இது. அடிப்படையாகச் சொல்ல வருவது ஒன்றுதான். முதல் மாதம் ஊர் சுற்ற வேண்டாம். வீடு, தண்ணீர், சைக்கிள், அயலவர் என்ற நான்கையும் ஒழுங்குபடுத்துங்கள். பார்க்க வேண்டிய இடங்கள் எங்கும் ஓடிப்போகாது. இந்த நான்கும் சரிவராவிட்டால் மூன்றாம் மாதமே திரும்பிப்போக மனம் வந்துவிடும்.

எப்போது, எப்படி வருவது

தை மாதத் தொடக்கத்தில் வந்து இறங்குவது நல்லது. ஐப்பசியில் தொடங்கும் மாரி மழை மார்கழியோடு ஓய்ந்திருக்கும். கிணறுகள் நிறைந்திருக்கும், வயல் பச்சையாக இருக்கும், வாடைக்காற்று வீசும். குளிர்நாட்டிலிருந்து வந்த உடம்பு வெயிலுக்குப் பழக இரண்டு மாதம் கிடைக்கும். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நடக்கும் பட்டப்போட்டியையும் பார்க்கலாம். பங்குனி, சித்திரையில் வெக்கை ஏறிவிடும். வைகாசியிலிருந்து சோளகம் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும். புழுதி வீட்டுக்குள் வந்து படியும், கடலும் கொந்தளிக்கும். ஆனால் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் சந்தைக்கு வருவதும் அப்போதுதான். ஆடி, ஆவணி நல்லூர்த் திருவிழாக் காலம். வெளிநாட்டிலிருந்து எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து இறங்குவதால் அறையும் கிடைக்காது, வாடகையும் ஏறும். திருவிழாவைக் காணத்தான் வருகிறீர்கள் என்றால் தங்குமிடத்தைப் பல மாதம் முன்பே பேசி வையுங்கள்.

சுற்றுலா விசா முதலில் 30 நாளுக்குத்தான் கிடைக்கும். அதற்குமேல் இருக்க விரும்பினால் அது முடிய முன்னரே நீடிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். கடைசி நாள்வரை விட்டுவைத்தால் இணையப்பக்கம் இழுபடும், பிறகு கொழும்புக்கு ஓட வேண்டிவரும். 20ஆம் நாளிலேயே செய்து முடித்துவிடுங்கள். இந்த விசாவில் இங்கே சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது. பெற்றோர் இலங்கையில் பிறந்தவர்கள் என்றால் குடியுரிமை வழியாக வர இடமிருக்கிறதா என்று உங்கள் நாட்டிலுள்ள தூதரகத்தில் விசாரியுங்கள். மாதக்கணக்கில் இழுபடும் வேலை அது, ஆகவே புறப்பட முன் தொடங்க வேண்டும்.

கட்டுநாயக்காவில் இறங்கினால் கொழும்புக் கோட்டையிலிருந்து ரயில், அல்லது இரவு பஸ். ரயில் ஆசனங்களுக்கு 30 நாள் முன்பாகப் பதிவு திறக்கும். விடுமுறைக் காலத்தில் திறந்தவுடனேயே முடிந்துவிடும். சென்னை வழியாக வந்தால் பலாலிக்கு நேரே விமானம் உண்டு. சின்ன விமானம் என்பதால் பொதி அளவைப் பற்றுச்சீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய விமானத்தில் கொண்டுவந்த இரண்டு பெட்டிகளையும் அப்படியே ஏற்றலாம் என்று நம்பி வருபவர்கள் சென்னையில் மேலதிகக் காசு கட்டுகிறார்கள்.

வீடும் கிணறும்

படத்தைப் பார்த்து வெளிநாட்டிலிருந்தே வீட்டை முடிக்க வேண்டாம். முதல் பத்து நாள் ஒரு விடுதியில் நின்றுகொண்டு நேரில் பாருங்கள். திருநெல்வேலி, கொக்குவில், நல்லூர்ப் பக்கம் பல்கலைக்கழகமும் கடைகளும் கிட்ட, வாடகை கூட. கோண்டாவில், அரியாலை, உரும்பிராய் என்று விலகினால் வளவு பெரிது, அமைதி கூட. சொந்தக்காரர் இருக்கும் ஊரில் எடுப்பதா, நகரில் எடுப்பதா என்றால், முதல் தடவைக்கு நகர்ப்பக்கமே நல்லது. சொந்தக்காரர் ஊரில் இருந்தால் சாப்பாடும் அன்பும் தேடி வரும். ஆனால் உங்களுக்கென்று அறிமுகங்கள் உண்டாகாது, யாரோ ஒருவரின் பிள்ளையாகவே ஆறு மாதமும் போய்விடும்.

வீடு பார்க்கும்போது சுவரையும் மாபிளையும் பிறகு பார்க்கலாம், முதலில் கிணற்றடிக்குப் போங்கள். யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு கிடையாது. மழைநீர் சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, கீழே உள்ள உப்புத் தண்ணீருக்குமேல் மிதந்து நிற்கிறது. அதைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். மேலதிகமாக இறைத்தால் கீழே உள்ள உப்பு மேலே ஏறும். ஆகவே கடற்கரைக்குக் கிட்டிய ஊர்களில் மாசியில் நன்றாக இருக்கும் தண்ணீர் ஆவணியில் உவர்த்துவிடும். வீட்டுக்காரரிடம் கேட்பதைவிட அயல்வீட்டாரிடம் "கோடையில தண்ணி உவர்க்குமோ?" என்று கேளுங்கள்.

சோதிக்க ஆய்வுகூடம் வேண்டியதில்லை. கையில் சவர்க்காரம் போட்டுப் பாருங்கள். நுரை வராமல் பிசுபிசுப்பாகப் பிடித்தால் தண்ணீர் கடினம், தலைமயிரும் உடுப்பும் சொரசொரக்கும். குசினியில் கேத்திலைத் திறந்து அடியைப் பாருங்கள். வெள்ளைப் படை தடிப்பாக ஒட்டியிருந்தால் சுண்ணாம்பு கூட. அதனால் உடம்புக்குப் பெரிய கெடுதல் இல்லை, கேத்திலைத்தான் மாதம் ஒருமுறை வினாகிரி விட்டுக் கொதிக்கவைத்துக் கழுவ வேண்டும். கவனிக்க வேண்டியது மலசலகூடக் குழி. கிணற்றிலிருந்து குழிக்கு 50 அடியாவது இருக்க வேண்டும். உங்கள் வளவின் குழியை மட்டும் அளந்தால் போதாது, மதிலுக்கு அந்தப்பக்கம் அயல்வீட்டுக் குழி எங்கே என்றும் பாருங்கள். சுண்ணக்கல்லில் வெடிப்புகள் நிறைய. கழிவு வடிகட்டப்படாமல் வேகமாகப் போய்ச் சேரும். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஆனால் தோட்ட உரத்திலிருந்து இறங்கும் நைத்திரேற்றும் உப்பும் போகாது. தோட்டங்களுக்கு நடுவே வீடெடுத்தால், கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கக் கிணற்றுத் தண்ணீரைப் பாவிக்கவே வேண்டாம். குடிக்கப் போத்தல் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ எடுங்கள், மற்ற எல்லாவற்றுக்கும் கிணறு போதும்.

மோட்டரைப் போட்டு, மேல்தாங்கி நிறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று நின்று பாருங்கள். கரண்ட் நின்றால் மோட்டரும் நிற்கும், ஆகவே கயிறும் வாளியும் கிணற்றடியில் இருக்க வேண்டும். ஜன்னல்களுக்கு நுளம்பு வலை உண்டோ என்று பாருங்கள். பக்கத்துக் கோயிலின் ஒலிபெருக்கி எந்தப் பக்கம் பார்க்கிறது என்றும் பாருங்கள். காலை ஐந்து மணிக்குப் பாட்டுத் தொடங்கும். திருவிழா என்றால் பத்து, பதினைந்து நாளுக்கு இரவும் உண்டு. கோயிலைக் குறைசொல்லிப் பயனில்லை, வீட்டைத்தான் தள்ளி எடுக்க வேண்டும்.

மூன்று மாதம், ஆறு மாதம், சிலவேளை ஒரு வருட வாடகையை முற்பணமாகக் கேட்பார்கள். பேசிக் குறைக்கலாம். எவ்வளவு கொடுத்தாலும் தமிழில் எழுதி இருவரும் கையெழுத்து வையுங்கள். அதில் நான்கு விஷயம் இருக்க வேண்டும்: முற்பணம் எப்போது திரும்பும், கரண்ட் பில் யார் கட்டுவது, மோட்டர் பழுதானால் யார் செலவு, வளவிலுள்ள மாங்காய் தேங்காய் யாருக்கு. கடைசியைப் பலர் கேட்க மறந்துவிடுவார்கள். பெரும்பாலும் வீட்டுக்காரர் தனக்கென்றே வைத்திருப்பார். தெரியாமல் நாலு மாங்காய் பிடுங்கினாலே மனக்கசப்பு வரும். சாவி வாங்கும் அன்றே மீற்றரைப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள்.

மின்சாரம் 230 வோல்ற். கனடாவிலிருந்து கொண்டுவரும் பொருளில் 100–240 என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். தொலைபேசி, மடிக்கணினி சார்ஜர்களில் அநேகமாக இருக்கும். தலைமயிர் உலர்த்தியில் பெரும்பாலும் இருக்காது, செருகினால் எரிந்துபோகும். கட்டணத்தில் இன்னொரு விஷயம். மாதம் 60 அலகைத் தாண்டினால் தாண்டிய அலகுக்கு மட்டுமல்ல, முதல் அலகிலிருந்தே வேறு விலை. மாத நிலைக்கட்டணமும் ஏறும். ஏசி பூட்டிய வீட்டில் 60க்குள் நிற்பது நடவாத காரியம். மின்விசிறியும் நுளம்புவலையும் போதுமென்று பழகினால் பில் பாதிக்கும் கீழே வரும்.

சைக்கிளும் பஸ்ஸும்

யாழ்ப்பாணம் தட்டைத் தரை. சைக்கிள் இங்கே ஏழைகளின் வாகனமல்ல. ஆசிரியர், ஐயர், மாணவர் எல்லாரும் ஓடுவது. வாடகைக்கு எடுப்பதைவிட, ஆறு மாதம் இருப்பதென்றால் பழைய லுமாலா ஒன்றை வாங்கிப் போகும்போது விற்பது லாபம். வாங்க முன் பின்சில்லைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள், ரிம் ஆடினால் கம்பி தளர்ந்திருக்கிறது. மிதிகட்டைப் பக்கத்துப் பெரிய பற்சில்லில் செயினை முன்பக்கமாக இழுத்துப் பாருங்கள், பல்லிலிருந்து நன்றாக விலகினால் தேய்ந்துவிட்டது. மட்காட் கட்டாயம் வேண்டும். மழைக்காலச் சேறு முதுகுவரை அடிக்கும். மணி, பூட்டு, முன்னுக்கு ஒரு லைற், பின்னுக்குச் சிவப்பு லைற். ஒழுங்கைகளில் தெருவிளக்கு குறைவு. மாடும் நாயும் வீதியில் படுத்திருக்கும். வெளிச்சமில்லாமல் ஓடினால் இரவில் விபத்து வரும். வீதி ஓரத்து மணலில் திடீரென்று பிரேக் பிடித்தால் சறுக்கும், மதகுகளுக்குக் கிட்ட மெதுவாகப் போங்கள். சில்லு ஒட்டும் கடை ஏறத்தாழ ஒவ்வொரு சந்தியிலும் உண்டு. ஒருவரையே பிடித்து வைத்துக்கொண்டால் அவரே உங்கள் பகுதியின் விபரக்கொத்து.

ஸ்கூட்டி ஓடுவதென்றால் சர்வதேச அனுமதிப்பத்திரம் மட்டும் போதாது. அதைக் கொழும்பிலுள்ள மோட்டார் வாகனச் சங்கத்தில் காட்டி அங்கீகாரம் வாங்க வேண்டும், அல்லது தற்காலிக அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். விமானத்தால் இறங்கும் அன்றே கொழும்பில் இதை முடித்துக்கொண்டு வாருங்கள். வாடகை ஸ்கூட்டியின் காப்புறுதியும் வரிப்பத்திரமும் கையில் இல்லாமல் வீதிக்கு இறங்க வேண்டாம்.

பஸ்ஸில் சில்லறை முக்கியம். 5000 ரூபாத் தாளை நீட்டினால் நடத்துனருக்கு உங்கள்மேல் கோபம் வருவது நியாயம்தான். நகர மத்தியிலுள்ள பஸ் நிலையத்திலிருந்து நெல்லியடி வழியாகப் பருத்தித்துறைக்கு 750ஆம் இலக்க பஸ், வல்வெட்டித்துறை வழியாக 751, தீவுகளுக்குப் படகு எடுக்கும் குறிகட்டுவானுக்கு 776. இறங்குமிடத்தை ஊர்ப்பெயரால் சொல்லாமல் சந்தியின் பெயரால் சொல்லுங்கள். ஒரே ஊருக்கு நாலு தரிப்பு இருக்கும். ஓட்டோவில் ஏற முன்னரே விலை பேசுங்கள். இரவு எட்டு மணிக்குப் பிறகு பஸ் குறைந்துவிடும். உங்கள் ஒழுங்கைக்குப் பக்கத்தில் நிற்கும் ஓட்டோக்காரர் ஒருவரின் இலக்கம் கையில் இருக்க வேண்டும்.

தீவுகள்

இரண்டாம் மாதத்தில் தீவுகளுக்குப் போகத் தொடங்கலாம். பண்ணைப் பாலத்தைத் தாண்டி வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் போய்ச் சேர பஸ்ஸில் ஒன்றரை மணித்தியாலம். அங்கிருந்து நயினாதீவுக்கு வள்ளம் இருபது நிமிடத்துக்குள் போய்விடும். வெள்ளிக்கிழமையும் போயா என்ற பௌர்ணமி நாளும் பாடசாலை விடுமுறையும் வேண்டாம். நாகபூசணி அம்மனுக்குத் தமிழரும் நாகவிகாரைக்குச் சிங்களவரும் திரண்டு வர, வரிசையிலேயே பாதிநாள் போகும். புதன், வியாழன் அமைதி. ஆண்கள் கோயிலுக்குள் மேற்சட்டை களைய வேண்டும். வேட்டி கட்டி, தோளில் சால்வை போட்டுக்கொண்டு போனால் வசதி. மதியம் அமுதசுரபி மண்டபத்தில் அன்னதானம் கிடைக்கும். சாப்பிட்டபின் இலையை நீங்களே எடுங்கள், முடிந்ததை உண்டியலில் போடுங்கள்.

நெடுந்தீவு வேறு கதை. அதே துறையிலிருந்து கடலில் ஒரு மணித்தியாலம். காலையில் போய்ப் பின்னேரம் திரும்ப வேண்டும், நாளுக்கு ஒருசில ஓட்டம்தான். நேரம் காலநிலையோடு மாறும் என்பதால் முதல்நாள் துறைப்பக்கம் யாரிடமாவது கேட்டு உறுதிப்படுத்துங்கள். சோளகம் பலமாக அடிக்கும் நாட்களிலும் கார்த்திகைப் புயற்காலத்திலும் படகு நின்றுவிடும். அப்படியான கிழமையில் விமானப் பயணத்துக்கு முதல்நாள் நெடுந்தீவு போவது மடத்தனம். படகு அந்தத் தீவு மக்களின் வீதி. ஆசிரியரும் நோயாளியும் அரிசிமூட்டையும் அதில்தான் போக வேண்டும். அவர்கள் ஏறியபின் ஏறுங்கள். கீழ்த்தட்டில் எஞ்சின் புகையும் வெக்கையும் உண்டு. சத்தி வருபவர்கள் காற்றுப்படும் இடமாகப் பார்த்து, கரையிலேயே கண்ணை வைத்துக்கொண்டு இருங்கள். உயிர்காப்பு அங்கியைப் போடுங்கள். மற்றவர் போடவில்லையே என்று வெட்கப்பட வேண்டாம்.

தீவு ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர், நடந்து முடியாது. இறங்குதுறையிலேயே ஓட்டோவோ சின்ன லொறியோ பேசிக்கொள்ளுங்கள்; ஆறுபேர் சேர்ந்தால் மலிவு. மதில்களைக் கிட்டப்போய்ப் பாருங்கள். சீமெந்தோ சாந்தோ இல்லை. கடலிலிருந்து எடுத்த முருகைக்கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். கற்களுக்கு நடுவில் இருக்கும் ஓட்டைகளால் காற்றுப் போய்வருவதால் சோளகத்துக்கும் விழுவதில்லை. அதன்மேல் ஏறி நின்று படமெடுத்தால் சரிந்துவிடும். உள்ளே கோதான பெருக்குமரம், ஒல்லாந்தர் காலப் புறாக்கூடு, கோட்டையின் எச்சம் எல்லாம் அரைநாளில் பார்க்கலாம். காட்டுக்குதிரைகளைப் பார்க்க வெளியான பக்கத்துக்குப் போக வேண்டும். வறட்சியில் அவை தண்ணீரின்றி வாடுகின்றன. கிட்டத் துரத்திப் போகாதீர்கள். ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர், தொப்பி, சில்லறைக் காசு கட்டாயம்.

சைக்கிள் ஓடுபவர்களுக்கு நல்ல சுற்று ஒன்று இருக்கிறது. நகரிலிருந்து ஊர்காவற்றுறை, அங்கிருந்து கடலைக் கடந்து காரைநகர், கசூரினாவில் ஒரு குளிப்பு, பொன்னாலைப் பாலம் வழியாக வீடு. நடுவில் கடல் கடப்பது பாதை என்று சொல்லும் மிதவையில், சைக்கிளையும் ஏற்றலாம். அது பழுதாகி நிற்கும் காலமும் உண்டு, வெளிக்கிட முன் விசாரிக்காவிட்டால் வந்த வழியே முழுத்தூரமும் திரும்ப வேண்டும். வெயிலுக்கு முன், காலை ஆறு மணிக்கே வெளிக்கிடுங்கள்.

தரைப்பக்கம்

வலிகாமத்துக்கு ஒரு நாள்: நிலாவரைக் கிணறு, கந்தரோடைத் தூபிகள், கீரிமலை. நிலாவரையில் மேல்தண்ணீர் நன்னீர், ஆழத்தில் உப்பு. உங்கள் வீட்டுக் கிணற்றுக்குக் கீழே இருப்பதும் இதே அமைப்புத்தான் என்று தெரிந்து பார்த்தால் அந்தக் கிணறு வெறும் காட்சியாகத் தெரியாது. கீரிமலையில் கடலுக்குப் பக்கத்திலேயே நன்னீர் ஊற்று. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கேணி. இறந்தவருக்கு 31ஆம் நாள் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்கு வந்தவர்கள் அங்கே இருப்பார்கள். அந்தப் பக்கம் கமராவைத் திருப்ப வேண்டாம். வடமராட்சிக்கு ஒரு நாள்: வல்லிபுர ஆழ்வார் கோயில், மணற்காடு, பருத்தித்துறை. மணற்காட்டு மணல் பத்து மணிக்கே காலைச் சுடும், ஆகவே அங்கே முதலில் போங்கள். பருத்தித்துறை வடையை அங்கேயே வாங்குங்கள்; காற்றுப் புகாத டப்பாவில் போட்டால் கனநாள் இருக்கும். தென்மராட்சிக்குக் கொடிகாமம் சந்தை, வெள்ளன. முகமாலைப் பக்கம் சிவப்புக் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை கண்டால் வீதியை விட்டு ஒரு அடியும் இறங்காதீர்கள். படைமுகாம்களைப் படமெடுக்காதீர்கள். ட்ரோன் பறக்கவிட அனுமதி வேண்டும்.

பொது நூலகத்தைச் சுற்றுலாவாகப் பார்ப்பவர்களுக்குப் பின்னேரம்தான் நேரம். செருப்பை வெளியே விட வேண்டும். 1981இல் எரிக்கப்பட்டபோது 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. இப்போது அது பிள்ளைகள் இருந்து படிக்கும் இடம். சத்தம் போடாமல், அவர்களைப் படமெடுக்காமல் பார்த்துவிட்டு வாருங்கள்.

நல்லூர்த் திருவிழா 25 நாள். 24ஆம் நாள் தேர், 25ஆம் நாள் தீர்த்தம். பூசை மணிக்குத் தப்பாமல் நடக்கும் கோயில் இது. ஐந்து நிமிடம் பிந்திப் போனால் கதவடியில்தான் நிற்க வேண்டிவரும். சுற்றுவட்ட வீதிகள் பூட்டப்படும், சைக்கிளைத் தூர விட்டு நடங்கள். சூடான மணலில் வெறுங்காலோடு நிற்கவேண்டும் என்பதால், பழகாத கால்காரர் பகல் திருவிழாவை விட்டு மாலைத் திருவிழாவுக்குப் போவது நல்லது.

ஆட்களோடு பழகுவது

வீட்டுக்கு வந்த முதல் கிழமையே இரண்டு பக்கத்து வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் போங்கள். பின்னேரம் நாலரைக்கும் ஆறுக்கும் நடுவில். மத்தியானம் போனால் அவர்களுக்குச் சமையல், நித்திரை. வெறுங்கையோடு போகாதீர்கள், ஒரு சீப்பு வாழைப்பழமோ ஒரு பெட்டி பிஸ்கற்றோ போதும். வெளிநாட்டுச் சொக்லேற்றை ஒழுங்கை முழுக்கப் பங்கிட்டால், அடுத்தமுறை நீங்கள் வரும்போது பைக்குள் என்ன இருக்கிறது என்றுதான் பிள்ளைகள் பார்ப்பார்கள். தேத்தண்ணியை வேண்டாம் என்று தள்ளாதீர்கள். சீனி கூட என்றால் போட முன்னரே "சீனி குறைச்சுப் போடுங்கோ" என்று சொன்னால் யாரும் குறைநினைக்க மாட்டார்கள்.

வெளிநாட்டில் வளர்ந்தவர்கள் அதிகம் இடறுவது மரியாதைச் சொல்லில். வீட்டில் அம்மாவோடு பேசிய "நீ, வா" தெருவில் எடுபடாது. யாராக இருந்தாலும் "நீங்கள், வாங்கோ, சொல்லுங்கோ" என்றே தொடங்குங்கள். ஓட்டோக்காரர் அண்ணை, மரக்கறிக்காரி அக்கா, வயது போனவர் ஐயா, அம்மா. வீட்டுவேலைக்கு வருபவருக்கும் இதே மரியாதைதான். தமிழ் தடுமாறினாலும் தமிழிலேயே கதையுங்கள். பத்தாவது நாளில் அவர்கள் திருத்தித் தருவார்கள்.

"நீங்கள் எவடம்? ஆற்றை பிள்ளை?" என்று கேட்பார்கள். பெரும்பாலும் அன்பான விசாரணை, பேரனைத் தெரிந்த ஒருவர் அகப்படுவார். சிலவேளை அதற்குள் சாதிக் கணக்கும் இருக்கும். ஊரையும் பேரன் பேரையும் சொல்லி அதோடு நில்லுங்கள், மேலே நோண்டினால் பேச்சை மாற்றுங்கள். நீங்கள் ஒருவரிடமும் அப்படித் திருப்பிக் கேட்க வேண்டாம். யார் வீட்டிலும் இருந்து தண்ணீர் குடியுங்கள். ஒருவருக்கு வேறு கோப்பை வைக்கும் வீட்டில், உங்களுக்கும் அதே கோப்பையில் தரச் சொல்லுங்கள்.

சிநேகிதம் தேடிப்போய்க் கிடைக்காது, ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் காணப்பட்டால் கிடைக்கும். காலை ஏழு மணிக்கு உங்கள் பகுதி வாசிகசாலைக்குப் போய் உதயனையோ வலம்புரியையோ வாசியுங்கள்; மூன்றாவது நாள் ஒருவர் செய்தியைப் பற்றிக் கதைக்கத் தொடங்குவார். பின்னேரம் விளையாட்டுக் கழக மைதானத்தில் கரப்பந்து நடக்கும், ஆள் குறைந்தால் கூப்பிடுவார்கள். கோயில் அன்னதானத்துக்கு முதல்நாள் இரவு மரக்கறி வெட்டப் போங்கள். அந்த இரண்டு மணித்தியாலத்தில் தெரிந்துகொள்ளும் ஆட்களை ஒரு மாதம் தெருவில் நடந்தாலும் தெரிந்துகொள்ள மாட்டீர்கள். மிருதங்கமோ வீணையோ படிக்கச் சேருவதும் நல்லது, கிழமைக்கு இரண்டு நாள் ஒரு வீட்டுக்குப் போய்வரும் உரிமை அதில் வருகிறது.

போரைப் பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள். பல வீட்டுச் சுவரில் மாலையில்லாத ஒரு படம் தொங்கும். அது காணாமற்போனவரின் படமாக இருக்கலாம். அவர்களாகச் சொன்னால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். ஒலிப்பதிவு செய்ய வேண்டாம், முகநூலில் எழுத வேண்டாம்.

காசு சிநேகிதத்தைக் கெடுக்கும் முக்கிய வழி. "அங்கை இது ரெண்டு டொலர்தான்" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். ஒவ்வொரு முறையும் நீங்களே பில் கட்டினால் மற்றவர் மெல்ல விலகுவார். அவர் ஒரு தேத்தண்ணி வாங்கித் தரும்போது வாங்கிக் குடியுங்கள். கடன் கேட்டால், திரும்பி வராவிட்டாலும் மனம் நோகாத தொகையை மட்டும் கொடுங்கள், "இவ்வளவுதான் ஏலும்" என்று முதலிலேயே சொல்லுங்கள். வெளிநாட்டுக்கு எடுத்துவிடுகிறேன், போன் அனுப்புகிறேன் என்ற வாக்குறுதி வேண்டாம். நீங்கள் மறந்துவிடுவீர்கள், இங்கே ஒருவர் வருடக்கணக்கில் காத்திருப்பார்.

ஆண் பெண் நட்பில் ஒன்றை மனதில் வையுங்கள். கதை கிளம்பினால் நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள், உள்ளூர்ப் பிள்ளை இந்த ஒழுங்கையிலேயே இருக்க வேண்டும். முதலில் அவளின் தாயாரோடு பழகுங்கள், வீட்டுக்கு வெளிப்படையாகப் போய்வாருங்கள், தனியாக ஸ்கூட்டியில் ஏற்றித் திரிய வேண்டாம். தனியாக இருக்க வரும் பெண்கள் வீட்டுக்காரர் கீழே இருக்க மேல்மாடி எடுப்பது பாதுகாப்பு, பேச்சும் குறையும்.

செத்தவீட்டுக்கு அழைப்புத் தேவையில்லை. ஒழுங்கையில் ஒருவர் இறந்தால் போக வேண்டும். வெள்ளை அல்லது மங்கல் உடுப்பு, கொஞ்சநேரம் இருந்துவிட்டு எழும்புங்கள். "போயிட்டு வாறன்" என்று சொல்லாமல் வர வேண்டும். வீட்டுக்கு வந்தவுடன் குளியுங்கள். கல்யாணத்துக்குப் போகாவிட்டால் மறந்துவிடுவார்கள், செத்தவீட்டுக்கு வந்தவரை மறக்க மாட்டார்கள்.

உடம்பு

மாரியோடு டெங்கு வரும். காய்ச்சல் இரண்டாம் நாளும் விடாவிட்டால் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். பரசிற்றமோல் மட்டும் எடுக்கலாம். அஸ்பிரின், இபுபுரொபன் எடுத்தால் இரத்தக்கசிவு ஆபத்து. வளவிலுள்ள சிரட்டை, பூச்சாடித் தட்டு, பழைய ரயர் எல்லாவற்றையும் கிழமைக்கு ஒருமுறை கவிழ்த்துவிடுங்கள். நாய் கடித்தால் காயத்தைச் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள், விசர்நாய்த் தடுப்பூசி அங்கே இலவசம். அவசர அம்புலன்சுக்கு 1990, அதுவும் இலவசம். பொலிஸ் 119.

திரும்பும்போது

போக ஒரு கிழமை முன்னரே விடைபெறும் வேலையைத் தொடங்குங்கள். கடைசி நாளில் பத்து வீட்டுக்குப் போக முடியாது, விட்டுப்போன வீட்டார் மனம் நோவார்கள். மீற்றரை மறுபடி படமெடுத்து, கடைசிப் பில்லைக் கட்டி, சாவியோடு முற்பணக் கணக்கையும் முடியுங்கள். சைக்கிளை விற்க அலைய வேண்டாம், சில்லு ஒட்டும் கடைக்காரரே ஆள் பார்த்துத் தருவார். ஒவ்வொரு வீட்டிலும் மிளகாய்த்தூள், ஒடியல்மா, பருத்தித்துறை வடை, கருவாடு என்று பொட்டலம் வரும். மறுக்க முடியாது, ஆகவே பெட்டியில் ஐந்து கிலோ இடம் விட்டுவையுங்கள். தூளை இரண்டு பையில் போட்டு இறுக்கிக் கட்டுங்கள். பெட்டிக்குள் உடைந்தால் உடுப்பெல்லாம் போகும். ஒவ்வொரு பொட்டலத்திலும் பெயரை எழுதுங்கள். அவுஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் இவை ஒவ்வொன்றையும் வருகைப் படிவத்தில் அறிவிக்க வேண்டும். அறிவித்தால் அதிகபட்சம் எடுத்துவைத்துக்கொள்வார்கள், மறைத்தால் தண்டப்பணம்.